வடிக்கும் பாத்திரம் கோப்பியின் சுவையை மாற்றுமா?

கண்டி வாவியைச் சுற்றியுள்ள வீதிகளில், தேத்தண்ணிக் கடைகளுக்கு நடுவே, புதுவிதமான கோப்பிக் கடைகளையும் இப்போது காணலாம். அங்கே கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் வடிதாளை வைத்து, கோப்பித்தூளைப் போட்டு, மெல்லிய மூக்குள்ள கேத்தலால் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடித்துத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘போர் ஓவர்’ என்று பெயர். அதைத் தமிழில் எழுதினால் எங்கள் கண்ணில் வேறு அர்த்தம்தான் முதலில் படும். ஆகவே இந்தக் கட்டுரையில் ‘ஊற்றி வடிக்கும் கோப்பி’ என்றே சொல்கிறேன்.

அந்தக் கூம்பு எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் வெள்ளைப் பீங்கான், இன்னோரிடத்தில் கண்ணாடி, வேறோரிடத்தில் பளபளக்கும் செம்பு, சில இடங்களில் சாதாரண பிளாஸ்டிக். ஏன் இது என்று கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கிறது. செம்பில் இனிப்புக் கூடும் என்கிறார் ஒருவர். பீங்கானில்தான் சுத்தமான சுவை வரும் என்கிறார் இன்னொருவர். பிளாஸ்டிக்கில் வடித்தால் பிளாஸ்டிக் மணக்கும் என்பது பலரின் கருத்து.

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகக் காரணம் கிளிநொச்சியில் இருக்கும் ஓர் அக்கா. அவரது பெற்றோர் கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்குப் போனவர்கள். போர் முடிந்து பல வருடங்கள் கழித்து, வீதியோரத்தில் சிறிய கோப்பிக் கடை ஒன்று போட அவர் யோசிக்கிறார். கைக்கடன் கொஞ்சம் உண்டு. மீதியைக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் எடுக்க வேண்டும். கருவி விற்பவர் ஒருவர் செம்புக் கூம்புகளைக் காட்டியிருக்கிறார். “தம்பி, செம்பில வடிச்சாத்தான் ருசி எண்டு சொல்லுறாங்கள். பிளாஸ்டிக்கை விடப் பல மடங்கு விலை. வாங்கத்தான் வேணுமோ?” என்று தொலைபேசியில் கேட்டார்.

நுண்கடனால் எத்தனை குடும்பங்கள் நொந்துபோயின என்பது வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடன் எடுத்து வாங்கும் பொருள் உண்மையிலேயே சுவையைத் தருமா, தோற்றத்தை மட்டும் தருமா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

எங்களுக்குப் புதிதல்ல

ஊற்றி வடிப்பது வெளிநாட்டு வித்தை போலத் தோன்றினாலும், தேத்தண்ணிக் கடையில் துணி வடியைத் தூக்கிப் பிடித்துக் கொதிநீர் ஊற்றுபவர் செய்வதும் இதேதான். தூளின் ஊடாக நீர் இறங்கிப் போகும்போது சுவையை எடுத்துக்கொண்டு போகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூளைக் கொதிநீரில் போட்டு, தெளியவிட்டு வார்ப்பது இன்னொரு முறை. அங்கே தூள் நீருக்குள் ஊறிக் கிடக்கும். வடிக்கும் முறையில் நீர் தூளைக் கடந்து போய்விடும்.

காகிதத்தில் வடிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி. 1908இல் அவர் பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மை ஒற்றுத்தாளை அதற்குள் வைத்து வடித்தார். கசப்பும் மண்டியும் குறைந்த கோப்பி கிடைத்தது. அதே ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உலகின் முதலாவது காகித வடிப்பான் வீட்டிலிருந்த பழைய பாத்திரத்தில் செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பீங்கானும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அதன்பின் வந்தவை.

சுவை எப்படி நீருக்குள் வருகிறது?

வறுத்து அரைத்த கோப்பித்தூளில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதையும் முழுவதுமாகக் கரைத்தெடுப்பது நல்லதல்ல. தூளின் எடையில் 18 முதல் 22 வீதம் வரை நீருக்குள் வந்தால் சுவை சமநிலையாக இருக்கும் என்பது கோப்பித் துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு.

கரைவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. புளிப்பைத் தரும் அமிலங்கள் முதலில் இலகுவாகக் கரைந்து வருகின்றன. இனிப்பை உணரவைக்கும் பொருட்கள் அடுத்து. கசப்பும் துவர்ப்பும் தருபவை மெதுவாகக் கடைசியில் வருகின்றன. நீர் போதிய சூடாக இல்லாவிட்டால், அல்லது மிக வேகமாக இறங்கிவிட்டால், முதற்கட்டத்துடனேயே வேலை நின்றுவிடும். கோப்பி புளித்து, தண்ணீர் போல இருக்கும். அளவு மீறிக் கரைந்தால் நாக்கை இழுக்கும் கசப்பு.

ஆகவே வடிக்கும்போது நாங்கள் கவனிக்க வேண்டியவை நான்கு: தூளின் அளவு, தூளின் பருமன், நீர் தூளுடன் இருக்கும் நேரம், நீரின் வெப்பநிலை. பொதுவாக 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையான நீரைப் பரிந்துரைக்கிறார்கள். பாத்திரம் எதனால் ஆனது என்ற கேள்வி இந்த நான்கில் இரண்டைத் தொடுகிறது. ஒன்று வெப்பநிலை. மற்றது நேரம்.

பாத்திரம் எடுத்துக்கொள்ளும் வெப்பம்

கேத்தலில் 96 பாகையில் இருக்கும் நீர், கூம்பில் விழுந்த கணமே வெப்பத்தை இழக்கத் தொடங்குகிறது. குளிர்ந்த தூள் கொஞ்சம் எடுக்கும். திறந்த மேற்பரப்பிலிருந்து ஆவியாகக் கணிசமான பங்கு போகும். மீதியில் ஒரு பங்கைப் பாத்திரம் எடுத்துக்கொள்ளும். அது எவ்வளவு என்பது மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: பாத்திரத்தின் எடை, அது ஆன பொருளின் தன்வெப்பக் கொள்ளளவு, அந்தப் பொருளின் வெப்பக் கடத்தாறு. பாடசாலைப் பௌதிகவியலில் படித்த சொற்கள்தாம். ஒரு கிராம் பொருளை ஒரு பாகை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது முதலாவது. வெப்பம் அந்தப் பொருளின் ஊடாக எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது இரண்டாவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 கிராம் எடையுள்ள தடித்த பீங்கான் கூம்பு ஒன்று 25 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீங்கானின் தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு ஏறத்தாழ 0.9 யூல். அது 60 பாகையால் சூடேற வேண்டுமென்றால் 400 × 0.9 × 60, அதாவது 21,600 யூல் வெப்பம் வேண்டும். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4.18 யூல். ஒரு கோப்பைக்கான 250 மில்லிலீற்றர் நீரிலிருந்து அவ்வளவு வெப்பத்தை எடுத்தால், அந்த நீர் ஏறத்தாழ 20 பாகையால் குளிர்ந்துவிடும்.

நடைமுறையில் கூம்பு முழுவதும் அவ்வளவு சூடேற முன் வடித்து முடிந்துவிடும். ஆகவே இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் முதலில் ஊற்றும் 40, 50 மில்லிலீற்றர் நீர்தான் குளிர்ந்த பீங்கானை முதலில் சந்திக்கிறது. சிறிய அளவு நீர், பெரிய குளிர்ந்த பாத்திரம். சூடு அதிகம் வேண்டிய தொடக்கத்திலேயே நீர் தளர்ந்துவிடுகிறது.

அதே வடிவத்தில் 100 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் கூம்பை எடுப்போம். பிளாஸ்டிக்கின் தன்வெப்பக் கொள்ளளவு பீங்கானைவிட அதிகம், ஏறத்தாழ 1.9 யூல். ஆனாலும் எடை குறைவு என்பதால் அது எடுக்கக்கூடிய மொத்த வெப்பம் பீங்கானின் பாதியளவே: 100 × 1.9 × 60, அதாவது 11,400 யூல். அதிலும் பிளாஸ்டிக் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது. அதன் வெப்பக் கடத்தாறு 0.2 அளவில் இருக்க, பீங்கானினது 1.5 அளவிலும் செம்பினது 400 அளவிலும் இருக்கிறது. பிளாஸ்டிக் கூம்பின் உட்புறத் தோல் மட்டும் சூடாகும். வெளிப்புறத்தைக் கையால் பிடிக்கலாம். கையைச் சுடாத வெப்பம் நீருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சுருக்கமாகச் சொன்னால், விலை குறைந்த பிளாஸ்டிக்தான் நீரின் சூட்டை நன்றாகக் காப்பாற்றுகிறது.

ஒவ்வொரு பொருளாக

பீங்கான்: தொடக்கத்தில் அதிக வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை சூடானபின் அந்தச் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். ஆகவே முன்கூட்டிக் கொதிநீரால் நன்றாகச் சூடாக்கினால் குறை சொல்ல முடியாத பாத்திரம். மணம் பிடிக்காது, கறை ஏறாது. கீழே விழுந்தால் உடையும்.

கண்ணாடி: பீங்கானைப் போன்றதே. வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 1. மெல்லிய கண்ணாடி என்றால் எடை குறைவு, எடுக்கும் வெப்பமும் குறைவு. 1941இல் பீட்டர் ஷ்லும்போம் உருவாக்கிய ‘கெமெக்ஸ்’ என்ற கண்ணாடிப் பாத்திரம் புகழ்பெற்றது. அதன் கோப்பி தெளிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதற்கென்றே செய்யப்படும் தடித்த வடிதாள். கண்ணாடிக்கு அதில் பங்கு குறைவு.

செம்பு: வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். தன்வெப்பக் கொள்ளளவு 0.39 மட்டுமே. மெல்லிய செம்புக் கூம்பு நொடிகளில் சூடாகிவிடும், முன்சூடாக்கலுக்கு அதிக நீர் வேண்டாம். அதே வேகத்தில் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். செம்பு இனிப்பைக் கூட்டுவதற்கு நான் அறிந்த பௌதிகக் காரணம் எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கையும் தேவை. கோப்பி சற்று அமிலத்தன்மையானது, அதன் பி.எச். பெறுமானம் 5 அளவில் இருக்கும். பூச்சில்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை அமில உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. எங்கள் பாட்டிமார் பித்தளைப் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசியதும் இதற்காகத்தான். கொழும்பு வீதியில் பிலிமத்தலாவைக் கடைகளில் தொங்கும் பித்தளைப் பொருட்களில் மனம் போனால், அவை உணவுக்குரியவையா, அலங்காரத்துக்குரியவையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சில்வர் என்று நாங்கள் சொல்லும் துருப்பிடிக்காத உருக்கு: வெப்பக் கடத்தாறு 15 அளவில், செம்பைவிட மிகக் குறைவு. மெல்லியதாக இருந்தால் விரைவில் சூடாகும். உடையாது, கோப்பியுடன் தாக்கம் புரியாது. நாள் முழுக்க வேலை நடக்கும் கடைக்கு நல்ல தெரிவு.

மண்: கேகாலைப் பக்கம் மொலகொடையில் வீதியோரமெங்கும் மட்பாண்டங்கள் விற்கிறார்கள். மண்பாத்திரத்தில் வடித்தால் ‘மண்வாசம்’ வரும் என்ற விருப்பம் பலருக்கு உண்டு. மெருகிடாத மண்ணில் நுண்துளைகள் இருக்கின்றன. அவை நீரையும் கோப்பியின் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். சரியாகக் கழுவிக் காயவிடாவிட்டால் அந்த எண்ணெய் பழுதாகி, அடுத்தடுத்த கோப்பியில் சிக்கு மணம் வரும். இதுவரை சொன்னவற்றில் பாத்திரமே நேரடியாகச் சுவையைக் கொடுக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான்: பூச்சில்லாத உலோகமும் மெருகிடாத மண்ணும். இரண்டும் விரும்பத்தக்க சுவைகள் அல்ல.

பிளாஸ்டிக்: சூட்டைக் காக்கும், உடையாது, மலிவு. காலப்போக்கில் கீறல் விழும், கறை பிடிக்கும். எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல என்பது முக்கியம். சூடான உணவுக்கென்று செய்த, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கமுள்ள பொலிப்புரோப்பிலீன் கொதிநீரைத் தாங்கும். தண்ணீர்ப் போத்தல்கள் 1 என்ற இலக்கமுள்ள வேறு வகை. கொதிநீர் பட்டால் அவை சுருங்கி வளைந்துவிடும். போத்தலின் தலையை வெட்டி வடிப்பானாக்கும் யோசனை பலருக்கும் வரும். அதைச் செய்ய வேண்டாம்.

இதுவரை வெப்பத்தைப் பற்றியே கதைத்தோம். நேரமும் பாத்திரத்தால் மாறும். கூம்பின் உட்சுவரில் இருக்கும் வரிகள்தான் வடிதாளைச் சுவரில் ஒட்டாமல் பிடித்து, காற்றுப் போக வழிவிட்டு, நீர் இறங்கும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பிளாஸ்டிக்கில் அந்த வரிகளைக் கூர்மையாக வார்க்கலாம். பீங்கானில் மெருகு படியும்போது அவை சற்று மழுங்கும். ஒரே பெயர், ஒரே வடிவம் கொண்ட இரண்டு கூம்புகளில் நீர் இறங்கும் நேரம் வேறுபட இதுவும் ஒரு காரணம். அந்த வேறுபாட்டைத் தூளைக் கொஞ்சம் பருமனாகவோ நுண்ணியதாகவோ அரைத்துச் சரிசெய்யலாம்.

கண்டியில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று

பாத்திரத்தை மாற்றாமலேயே சுவை மாறும் ஒரு காரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. அது உயரம். உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறையும், நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். கடல் மட்டத்திலுள்ள யாழ்ப்பாணத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. 500 மீற்றர் அளவு உயரத்திலுள்ள கண்டியில் 98 பாகையைச் சற்றுத் தாண்டியதும் கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகைதான்.

நுவரெலியாவில் கொதிக்கும் நீர், அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் 94ஐத் தாண்டாது. அந்த நீரைக் குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் 90க்குக் கீழே போவது நிச்சயம். அங்கே முன்சூடாக்கலும் வெப்பத்தைக் காக்கும் பாத்திரமும் உண்மையிலேயே பயன்படும். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அந்த நெருக்கடி இல்லை. கொதித்த கேத்தலை அரை நிமிடம் ஆறவைத்தே ஊற்றலாம். அறையின் சூடும் அங்கே கூட என்பதால் பாத்திரம் தொடக்கத்திலேயே சற்று வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கோப்பி அறிவுரைகளை வன்னி வெயிலில் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

விறகுக் கணக்கு

முன்சூடாக்கல் இலவசமல்ல. ஒரு கோப்பைக்கு 250 மில்லிலீற்றர் நீர் வேண்டும். பீங்கானைச் சூடாக்க இன்னொரு 200 மில்லிலீற்றர் கொதிநீரை ஊற்றிக் கொட்டினால், எரிபொருட் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தவர்களுக்கும், 2022இல் எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கும் இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது கோப்பை போகும் கடை என்றால், பாத்திரத்தைச் சூடாக்க மட்டும் பத்து லீற்றர் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டியிருக்கும்.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. கொதிக்கும் கேத்தலின் வாயில் கூம்பைக் கவிழ்த்து ஆவியிலேயே சூடாக்கலாம். வடிதாளைக் கழுவும் நீரை வீணாக்காமல் கோப்பையைச் சூடாக்கப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் அல்லது மெல்லிய சில்வர் கூம்பு என்றால் தாளை நனைக்கும் சிறிதளவு நீரே போதும்.

வெப்பநிலை அவ்வளவு முக்கியமா?

இங்கே ஒரு எதிர்க்கருத்தையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வடித்த கோப்பியை 87, 90, 93 பாகைகளில் தயாரித்து, பயிற்சி பெற்றவர்களிடம் சுவைக்கக் கொடுத்தார்கள். கோப்பியின் செறிவும் தூளிலிருந்து கரைந்து வந்த வீதமும் சமமாக இருக்கும்படி மற்றவற்றைச் சரிசெய்துகொண்டபோது, வெப்பநிலையால் சுவையில் ஏற்பட்ட வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது.

இதன் பொருள் வெப்பநிலை எதையும் செய்யாது என்பதல்ல. நீர் சற்றுக் குளிர்ந்திருந்தால், தூளை நுண்ணியதாக அரைத்தோ மெதுவாக ஊற்றியோ அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். பாத்திரம் தரும் வேறுபாட்டைக் கையாலும் ஈடுசெய்யலாம் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி. வறுவலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இளவறுப்பான விதைக்கு நல்ல சூடான நீர் வேண்டும். எங்கள் ஊர்களில் வழக்கமான கருவறுப்பான விதை இலகுவில் கரைந்துவிடும். அதற்கு 85 முதல் 90 பாகை போதும். அந்தக் கோப்பி குளிர்ந்த பீங்கானில் கசப்புக் குறைந்து நன்றாகவே இருக்கக்கூடும்.

கூம்பைவிட வடிதாள்தான் சுவையை அதிகம் மாற்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காகிதம் கோப்பியின் எண்ணெயையும் நுண்தூளையும் பிடித்துவைக்கும். கோப்பி தெளிவாக, இலேசாக இருக்கும். உலோகச் சல்லடை அவற்றைக் கீழே விட்டுவிடும். கோப்பி தடிப்பாக இருக்கும். துணி இரண்டுக்கும் நடுவே. உடல்நலத்திலும் இதற்குப் பங்குண்டு. கோப்பி எண்ணெயிலுள்ள கஃபெஸ்டோல் என்ற பொருள் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும். காகிதம் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கொலஸ்திரோல் பிரச்சினை உள்ளவர்கள் செம்பா பீங்கானா என்று யோசிப்பதைவிடச் சல்லடையா காகிதமா என்று யோசிப்பது பயன்தரும்.

விதை எங்கிருந்து வருகிறது?

தூளின் தரத்துக்கு வந்தால், கண்டியிடம் ஒரு நெடுங்கதை இருக்கிறது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொருவையில் கோப்பி பயிரிட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மலைநாட்டில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி பரவியது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் முதன்மையாகக் கோப்பி மூட்டைகளுக்காகத்தான்.

அந்தக் காடுகளை வெட்டியவர்களும் பழம் பறித்தவர்களும் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். வாந்திபேதியிலும் பசியிலும் அந்த வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். கோப்பி பருவகாலப் பயிர் என்பதால் பலர் அறுவடைக்கு வந்து திரும்பிப் போனார்கள். மறு ஆண்டு மீண்டும் அதே வழியில் நடந்தார்கள். 2023இல் மலையக மக்கள் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

1869இல் ஒரு பங்கசு கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருவாகத் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி வீட்டுத் தோட்டங்களுக்குள் ஒதுங்கியது. இன்றும் கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுக் காணிகளில் மிளகுக்கும் கராம்புக்கும் நடுவே கோப்பி மரங்களைக் காணலாம். தாழ்ந்த இடங்களில் நோய்தாங்கும் ரொபஸ்டா, உயர்ந்த இடங்களில் அரபிக்கா. கோப்பி இப்போது பேராதனையில் தலைமையகம் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பயிர்களில் ஒன்று.

கோப்பியின் சுவையில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. பழுத்த பழத்தை மட்டும் ஆய்ந்தார்களா, ஈரம் இல்லாமல் காயவைத்தார்களா, அளவாக வறுத்தார்களா, அன்றன்று அரைத்தார்களா? பழுக்காத காயும் பூஞ்சணம் பிடித்த விதையும் கலந்த தூளை எந்தச் செம்பும் காப்பாற்றாது. பழுத்ததை மட்டும் பறிக்க ஒரே மரத்துக்குப் பல தடவை போக வேண்டும். அந்தக் கூலியை விலையில் சேர்த்துக் கொடுத்தால்தான் பறிப்பவர் அதைச் செய்வார். கருவிக்குப் போகும் காசு கடல் கடந்து போகிறது. நல்ல விதைக்குக் கொடுக்கும் காசு ஒரு மலைவீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

கிளிநொச்சி அக்காவுக்கு நான் சொன்னதும் இதுதான். உணவுக்குரிய பிளாஸ்டிக் அல்லது சில்வர் கூம்புகள் இரண்டு, மூன்று. கடனைக் கூட்டாமல், மிச்சமாகும் காசில் முதலில் ஒரு சீரான அரைக்கும் கருவியும் ஒரு சிறிய தராசும். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாய் வறுத்த விதை. கடைக்கு ஓர் அழகு வேண்டுமென்றால் செம்பு பிறகு வரட்டும், அதை அழகுக்கான செலவாகவே கணக்கில் எழுதட்டும்.

வீட்டில் செய்து பார்க்க

சொன்னதை நம்ப வேண்டியதில்லை. 15 கிராம் தூள், 250 மில்லிலீற்றர் நீர் எடுங்கள். முதலில் 40 மில்லிலீற்றர் ஊற்றி அரை நிமிடம் பொறுங்கள். பிறகு மீதியை மெதுவாக ஊற்றி மூன்று நிமிடத்துக்குள் வடித்து முடியுங்கள். அதே தூளில், அதே அளவில், வேறு பொருளாலான கூம்பில் இன்னொன்று வடியுங்கள். இரண்டும் குடிக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.

பிறகு வீட்டில் ஒருவரிடம் சொல்லி, ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரு கோப்பியையும் ஒன்றில் மற்றதையும் நீங்கள் பாராமல் ஊற்றச் சொல்லுங்கள். தனியாக நிற்பது எது என்று நாக்கால் கண்டுபிடியுங்கள். ஒருமுறை சரியாகச் சொல்வது தற்செயலாகவும் இருக்கலாம், ஆகவே ஐந்தாறு தடவை செய்யுங்கள். சூடாக்காத பீங்கானையும் பிளாஸ்டிக்கையும் வைத்துச் செய்தபோது நான் பெரும்பாலும் கண்டுபிடித்தேன். பீங்கான் கோப்பியில் புளிப்பு முன்னுக்கு நின்றது. பீங்கானை நன்றாகச் சூடாக்கிவிட்டுச் செய்தபோது எது எதுவென்று சொல்ல முடியவில்லை.